தோளில் இரண்டு விரல்கள்

மூளைச் செல்லின் சவ்வுக்குள் ஒரு நொதிக்கூட்டு கத்தரிக்கோல் போல உட்கார்ந்திருக்கிறது. சவ்வில் செருகி நிற்கும் சங்கிலி போன்ற புரதத்தை அது வெட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டினால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும். மறதிநோய் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். அந்த இரண்டு கண்ணியையும் சேர்த்து வெட்டவைக்கும் மருந்தைத்தான் என் ஆய்வகத்தில் தேடுகிறேன்.

இன்று வீட்டுக்கு வந்தபோது என் மனைவி வசுமதி எங்கள் கல்யாணப் படத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். தன் உருவத்தை மட்டும் புடவை விளிம்பு பிசகாமல் எடுத்துவிட்டாள். மீதிப் படத்தில் மாலையும் கழுத்துமாக நான் தரையில் கிடந்தேன்.

"நல்லா வெட்டியிருக்கே வசு," என்றேன்.

"எங்க சார்," என்றாள். கொஞ்ச நாளாக நான் அவளுக்கு சார். "தோள்ல பாருங்க. ரெண்டு விரல் ஒட்டிக்கிட்டு நிக்குது. யாருதுன்னே தெரியல. பயமா இருக்கு."

கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே வெட்டி விட்டுடுங்க."

வாங்கிக்கொண்டேன். அதன் வளையத்துக்குள் அதே இரண்டு விரல்கள் நுழைந்தன.