ஒரு கால் செருப்பு

ஷாக் கொடுக்கும் பட்டையை நாயின் கழுத்தில் மாட்டுவதற்கு முன்னால் தன் மணிக்கட்டில் கட்டச் சொன்னாள் மகள்.

பயிற்சியாளர் சிரித்தார். எல்லாரும் முதலில் இதைத்தான் கேட்பார்களாம். மூன்றில் வைத்ததுமே போதும் போதும் என்பார்களாம்.

பட்டையின் உள்பக்கம் சின்னதாக இரண்டு உலோகக் குமிழ்கள். அவை தோலில் படும்படி இறுக்கிக் கட்டினார். ரிமோட்டில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள் இருந்தன.

மூன்றில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது.

"ஏழு வையுங்க," என்றாள்.

ஏழில் கை தன்னால் உதறிக்கொண்டது. விரல்கள் கொஞ்ச நேரம் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

மூலையில் உட்கார்ந்து பழைய மோட்டார் ஒன்றுக்குச் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்த அப்பா, கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

மூன்றுக்கு மேல் போவதில்லை என்று அந்த நிமிஷமே அவள் முடிவு செய்தாள். மூன்றில் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

நாயின் பெயர் ஆபீசர். வருகிறவர் போகிறவர் எல்லாரையும் மோந்து பார்த்து, திருப்தியானால்தான் வழி விடும் என்பதால் அப்பா வைத்த பெயர். கடிக்காது. குரைப்பதும் குறைவு. ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். மகள் வரும் நாளில் அவளுடைய செருப்பில் ஒன்றைக் கொண்டுபோய் எங்காவது ஒளித்து வைத்துவிடும்.

வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து, அப்பாவின் துணிகளைத் துவைத்துப் போட்டு, அவர் தனியாகச் சமாளிக்கிற சமையலறையைக் கழுவிவிட்டு, நாலரை பஸ்ஸுக்குக் கிளம்புவாள். அதை விட்டால் ஆறரைக்குத்தான் அடுத்தது.

ஏழு மாதமாக ஒரு தடவைகூட நாலரை பஸ்ஸைப் பிடிக்கவில்லை.

சோபாவுக்கு அடியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால், ஒரு தடவை செத்துப்போன பம்ப் மோட்டாரின் கூட்டுக்குள். அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடலாம் என்றால் அது அவளுக்குத் தோணி மாதிரி. செருப்பில் மிளகுத்தூள் தடவிப் பார்த்தாள். அலமாரிக்குள் வைத்துப் பார்த்தாள். அலமாரிக் கதவையும் திறக்கப் பழகிவிட்டது என்றார் அப்பா. கடைசியில் தேடி எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். அதற்குள் பஸ் போயிருக்கும்.

போன மாதம், நீச்சல் வகுப்பு முடிந்து வந்த அவளுடைய பெண், ஈரத் தலையோடு பூட்டிய வீட்டின் படிக்கட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. மறுநாள் காய்ச்சல்.

அன்றைக்குத்தான் அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னாள். ஒன்று நாயைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் அவள் வருவதை நிறுத்த வேண்டும். அப்பா சரி என்று மட்டும் சொன்னார். பயிற்சியாளரை அவளே விசாரித்துப் பிடித்தாள்.

இப்போது பட்டையை மாட்டப் போனதும் ஆபீசர் கழுத்தை நீட்டிக் கொடுத்தது. ஏதோ பதவி உயர்வு என்று நினைத்ததோ என்னவோ.

செருப்பு ஜோடியை நடு அறையில் போட்டார்கள். நாய் எடுக்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆபீசர் வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. மோந்தது. பிறகு கால்மிதியில் போய்ப் படுத்து, தாடையைத் தரையில் வைத்துக்கொண்டது.

பயிற்சியாளர் ஒரு செருப்பை எடுத்து ஆட்டிக் காட்டினார். தூக்கிப் போட்டார். நீ எறிந்ததை நீயே எடுத்துக்கொள் என்பதுபோல அது அவரைப் பார்த்தது.

கால் மணி நேரம் ஆனது. எதுவும் நடக்கவில்லை.

"சரியான திருட்டுப் பய மேடம். ஆள் பாக்கறப்ப எடுக்காது," என்றார் பயிற்சியாளர். செருப்பைக் கொண்டுபோய் நாயின் மூக்குக்கு நேராக வைத்தார். "பரவால்ல. இப்பவே ஏழுல வெச்சு ஒரு தடவை அழுத்திடுங்க. செருப்புன்னாலே வலின்னு மனசுல பதிஞ்சுடும்."

அவள் ரிமோட்டில் எண்ணை மூன்றுக்குக் கொண்டுவந்தாள். கட்டை விரலைப் பொத்தானில் வைத்தாள். ஒன்றுமே செய்யாமல் படுத்திருக்கிற நாயை எதற்காக என்று ஒரு கணம் தோன்றியது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணின் ஈரத் தலையும் ஞாபகம் வந்தது.

ஆபீசர் அவளைப் பார்த்து வாலை இரண்டு முறை தரையில் தட்டியது.

"அத விட்டுடும்மா."

அப்பாதான். கம்பியின் நுனி அவர் கையிலேயே இருந்தது. தலை நிமிரவில்லை.

"மொத தடவை எடுத்தது அதுதான். அன்னைக்கு நீ ரெண்டு மணி நேரம் கூட இருந்த. இன்னொரு டீ போட்டுக் குடுத்த."

கம்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். அது சரியாக விழவில்லை. பிரித்தார்.

"அப்புறம் அது எடுக்கவே இல்ல."