தறி இல்லாத குழி

வீட்டுக்குள் கால் வைத்ததும் யேசுதாஸ் குழியில் இடறினான். ஒரு மாதமாகத் தினமும் இதே கூத்துதான்.

அம்மா கங்கையம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு சோறு போட்டாள்.

அது தறிக்குழி, நெய்கிறவர் காலை இறக்கி உட்காருகிற பள்ளம். தறி மட்டும் கிடையாது. அந்தத் தெருவில் யார் வீட்டிலும் கிடையாது. எல்லோரும் ஊருக்குள் போய் அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்கிறவர்கள்.

மெட்ராஸில் ஒரு பெரிய கம்ப்யூட்டர். காஞ்சிபுரம் இன்னும் இருபத்தைந்து வருஷத்தில் எப்படி இருக்கும், புது பஸ் நிலையத்தை எங்கே கட்டலாம் என்று அதிகாரிகள் அதைத்தான் கேட்டார்கள். அதற்குக் கணக்கு ஊட்டுகிற கார்டுகளில் துளை போடுகிற வேலை யேசுதாசுக்கு.

ஆளை எண்ண ஆள் இல்லை. நெசவு ஊர்தானே, தறிக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொண்டார்கள். பட்டு கிடைக்காத காலத்தில் நெசவாளர்கள் தறியைப் பிரித்து வைத்துவிடுவார்கள், குழி மட்டும் இருக்கும். அதனால் அதிகாரிகள் வாசலில் நின்றபடியே குழிகளை எண்ணிக்கொண்டு போனார்கள்.

அப்போது இவன் தெருவில் குழி இல்லை. ஆகவே ஆளும் இல்லை.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் காலி நிலம், அங்கேயே பஸ் நிலையம் கட்டலாம் என்று மிஷின் சொல்லிவிட்டது. அந்தக் காலி நிலத்தில்தான் கங்கையம்மாள் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள்.

யேசுதாஸ் கெஞ்சியதில் அதிகாரி மறுபடி எண்ணச் சம்மதித்தார். ஆனால் எண்ணுகிற முறையை மாற்ற முடியாது என்றார். அன்றைக்கே தெரு முழுக்க மண்வெட்டி எடுத்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்கு இரண்டு குழி, மூன்று குழி. வீடு வீடாகப் போய்ச் சொன்னவனே யேசுதாஸ்தான்.

இன்றைக்குப் புதுக் கார்டுகள் மிஷினுக்குள் போய் வந்தன.

அவன் கை கழுவும்போது அம்மா கேட்டேவிட்டாள். "இந்த வாட்டியாவது நம்ம தெரு அதுல இருக்குதாப்பா?"

"இருக்குதும்மா."



கங்கையம்மாள் முகமெல்லாம் சிரிப்பு. இனி எதற்கு இந்தக் குழி, தூர்த்துவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே மண் அள்ளப் போனாள்.

யேசுதாஸ் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான்.

இந்த முறை மிஷின் அந்தத் தெருவில் எக்கச்சக்கமாக ஜனங்களைக் கண்டது. இவ்வளவு நெரிசல் ஊருக்கு ஆகாது, அத்தனை பேரையும் ஊருக்கு வெளியே முசரவாக்கத்துக்கும் அப்பால் குடியேற்ற வேண்டும் என்றது. பஸ் நிலையம் அதே இடத்தில்தான்.

அம்மா மண்கூடையோடு வந்து நின்றாள். அவன் காலை எடுத்துக்கொண்டான்.