முகவரி தெரியவில்லை

“என் கதவுல எதையாவது ஒட்டினே, கையை உடைச்சிடுவேன்” என்றார் மரக்கடைக்காரர்.

பசை வாளியோடு நின்றவன் குனிந்து வாளியைப் பார்த்தான். அதன் கைப்பிடி உடைந்து, கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் இரட்டை முடிச்சை இழுத்து இறுக்கிக்கொண்டான். பக்கத்தில் கக்கத்தில் ஃபைலோடு வியர்த்து நின்றவர் கோர்ட் அமீனா. நோட்டீஸ் கொடுக்க மூன்று தடவை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்; இன்றும் பூட்டியிருந்தால் கதவில் ஒட்டிவிடத்தான் பசை. முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்துகொள்ளும் மரக்கடைக்காரர், இன்று செருப்பில் கால் நுழைக்கும்போது வகையாக மாட்டிக்கொண்டார்.

செத்துப்போன தங்கையின் ஆறு வயது மகளுக்குத் தானே கார்டியன் என்று போன வருடம் உத்தரவு வாங்கி வைத்திருந்தார். பெற்றவனுக்குத் தெரிவிக்காமல் வாங்கிய உத்தரவு செல்லாது என்று இப்போது மனு. திங்கட்கிழமை விசாரணை. ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையைக் கண்காணாத ஊரில் விடுதிப் பள்ளியில் தள்ளிவிட்டால், அப்புறம் மனுவாவது மண்ணாங்கட்டியாவது.

அவர் குரலை இறக்கினார்.

“ஒட்டவும் வேணாம், கொடுக்கவும் வேணாம். ஆள் வீடு மாறிட்டாரு, முகவரி தெரியலைன்னு எழுதிட்டுப் போங்க.”

“அப்படி எழுதினா செல்லுமா?” என்று கேட்டான் வாளிக்காரன்.

“ஏன் செல்லாது? பிள்ளையோட அப்பனுக்கு அதையே எழுதிக் கொடுத்துத்தானே நான் ஆர்டரே வாங்கினேன்.”

அமீனா பேனாவை எடுத்தார். அவர் எழுத ஆரம்பித்ததைப் பார்த்ததும் மரக்கடைக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்கு அது தெரியாது.

பிள்ளையின் அப்பன் கப்பலில் வேலை செய்கிறவன் என்றார். பெண்டாட்டி செத்தபோது நடுக்கடலில் இருந்தானாம். பிள்ளையைத் தான் தூக்கி வந்த நாளிலிருந்து மாதாமாதம் கடிதம், உறையின் பின்னால் கம்பெனி முகவரி கொட்டை எழுத்தில். வெந்நீர் அடுப்புக்கு நன்றாக உதவியதாம். ஊருக்காக, அப்பனைத் தேடுவதாக ஒரு விளம்பரமும் கொடுத்தாராம், அச்சடிக்கிறவனே படிக்காத ஒரு பேப்பரில்.

“பாவமில்லையா?” என்றான் வாளிக்காரன்.

“என் தங்கச்சியை எனக்குச் சொல்லாமக் கூட்டிட்டுப் போய்த் தாலி கட்டினான். இன்னிவரைக்கும் அவன் மூஞ்சியை நான் பார்த்ததில்லை. அவன் பிள்ளையை அவனுக்குச் சொல்லாம எடுத்தேன். சரிக்குச் சரி. இப்பவும் வக்கீலை வச்சு மனுப் போட்டுட்டு எங்கேயோ கடல்ல மிதந்துக்கிட்டிருப்பான்.”

சொல்லச் சொல்ல அவருக்கு வாய் இனித்தது.

வாளிக்காரன் வாசற்படியில் கிடந்த குட்டி ஷூக்களைப் பார்த்தான். குனிந்து, அவற்றைச் சேர்த்து வைத்தான்.

“பிள்ளையோடதுதான்” என்றார் மரக்கடைக்காரர். “எத்தனை அடி வாங்கினாலும் லேஸ்ல அந்த ரெட்டை முடிச்சுதான் போடுவா. எவன் சொல்லிக் கொடுத்தானோ, அவிழ்க்கவே வராது.”

வாளிக்காரனின் கை ஷூவின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

அமீனா எழுதி முடித்து நிமிர்ந்தார். முகவரி சரி, ஆளும் வீட்டில் இருக்கிறார், உத்தரவு வாங்கிய விதத்தைத் தன் வாயாலேயே சொன்னார் என்று எழுதியிருப்பதாகச் சொல்லி, நோட்டீஸை நீட்டினார்.

மரக்கடைக்காரரின் முகம் வெளுத்தது. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

“அந்த ஆள் நான்தான்னு யார் சொன்னது? நான் வாடகைக்கு இருக்கிறவன்யா.”

“அதுக்குத்தான் மனுப் போட்டவங்க பக்கத்துலேருந்து, ஆளை அடையாளம் காட்ட ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றது” என்ற அமீனா, வாளிக்காரன் பக்கம் திரும்பினார். “இவர்தானா?”

“இவரேதான். என் பொண்டாட்டி வச்சிருந்த போட்டோவுல பார்த்த மூஞ்சி” என்றான் அவன்.

பிறகு பசைக் கையை வேட்டியில் நிதானமாகத் துடைத்துவிட்டு, அமீனாவிடமிருந்து பேனாவை வாங்கி நீட்டினான்.

“கையெழுத்துப் போடுங்க, மச்சான்.”