இறக்கை நிற்கும்வரை

எஞ்சினை அணைத்தாள். சத்தம் நின்றது. தலைக்கு மேல் சுற்றும் இறக்கை மட்டும் நிற்கவில்லை.

அதுதான் சனியன். சத்தம் நின்றால் எல்லாம் நின்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

ஓடுதளத்தின் ஓரத்திலிருந்து அப்பா வந்துகொண்டிருந்தார். நேர் எதிரே. இரண்டு கையிலும் ரோஜா மாலை, முகம் நிறையச் சிரிப்பு.

அவள் வங்கி வேலையை விட்டு, குட்டி ஹெலிகாப்டர் மாதிரியான இந்தக் கைரோ விமானத்தில் ஏறிய நாளிலிருந்து அவளோடு பேசாதவர். இன்றைக்குத்தான் அவராக வருகிறார்.

வருகிறவர் இந்தக் காற்றிலா வர வேண்டும்?

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், இறக்கை எம்மாத்திரம். வேகம் குறையக் குறைய மேலும் கீழுமாக ஆடும். முன்பக்கம் ஆள் உயரத்துக்கு இறங்கும்.

அதை அடக்கத்தான் வலது கையால் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தாள். நிற்கும்வரை அந்தக் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் இறக்கை எந்தப் பக்கம் சாயும் என்று அவளுக்கே தெரியாது.

"வராதீங்கப்பா!"

காற்று அவர் பக்கமிருந்து அடித்தது. அவள் குரலை அவள் வாயிலேயே திணித்தது.

தலையைப் பலமாக ஆட்டினாள்.

அவரும் ஆட்டினார். சரி சரி, வந்துவிட்டேன் என்பதுபோல. நடையை எட்டிப் போட்டார்.

இந்த மனுஷனுக்கு எப்படித்தான் புரியவைப்பது? ஆத்திரத்தில் அழுகை வந்தது.

இன்னும் நாலு எட்டு.

மிச்சமிருந்தது இடது கைதான்.

சின்ன வயதில் அந்தக் கை சோற்றுக்கு நீளும்போதெல்லாம் துண்டால் முதுகுக்குப் பின்னால் கட்டிப்போட்டவர் அவர்.

நீட்டினாள். உள்ளங்கையை விரித்து, அவர் முகத்துக்கு நேரே.

அவர் நின்றுவிட்டார்.

சிரிப்பு போய்விட்டது. பின்னால் வந்த சித்தப்பாவிடம் திரும்பிச் சொன்னார். காற்று அதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தது.

"மாலையோட வாரவனுக்குப் பீச்சாங்கையக் காட்டுதா பாரு."

அந்த நேரம் இறக்கை இறங்கியது. அவர் எடுத்துவைக்க இருந்த அடியின் மேல் வீசிக்கொண்டு போனது.

அவர் பார்க்கவில்லை. மாலையைத் தரையில் வைத்தார். வந்த வழியே நடந்தார்.

அவளால் இறங்க முடியவில்லை. சுற்று குறைந்தது. இன்னும் குறைந்தது. அவர் முதுகு சிறுத்துக்கொண்டே போனது.

நின்று தொலையேன்.

நின்றது.

இறங்கினாள். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்கலாம். ஆனால் இறக்கையைக் கட்டாமல் போனால் காற்று விட்டுவைக்காது. கையால் தள்ளி அதை நேராக நிறுத்தினாள். முன் நுனி மாலைக்கு ஒரு சாண் இந்தப்பக்கம் வந்து நின்றது.

அதன் கீழே போய் நின்று பார்த்தாள். உச்சந்தலையில் இடித்தது. அப்பா அவளைவிட உயரம்.

பின்பக்கத்து இறக்கையைக் கயிற்றால் இழுத்து வாலோடு கட்டினாள். முடிச்சுப் போட அவளுக்கு இடது கைதான் சரிப்படும்.

தூரத்தில் ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். கோபத்தில் உதைக்கிறார்.

அவள் கூப்பிடவில்லை. போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதே என்று சொல்லி வளர்த்ததும் அவர்தான்.

திட்டட்டும். வீட்டுக்குப் போய், ஆற அமர உட்கார்ந்து, வாய் வலிக்கத் திட்டட்டும்.