ஃப்ரீ த்ரோ கோட்டில்

ஜெனிலா கோவைக் கூடைப்பந்து அணியை விட்டுச் சென்னை அணிக்குத் தாவியதைத் தணிகாசலத்தால் செரிக்கவே முடியவில்லை. டிவியில் அவள் ஃப்ரீ த்ரோ எறிய வந்ததும் கைக்கடிகாரத்தை வாயருகே கொண்டுபோனார். சந்தா கட்டிய ரசிகர் அதில் பேசுவது நேராக ஆட்டக்காரியின் காதில் விழும்.

“சோறு போட்ட ஊருக்கே துரோகம் பண்ணிட்டியேடி, நாயே!”

பந்தைத் தட்டிய கை நின்றது. கடிகாரத்தில் அவள் குரல் கேட்டது.

“அண்ணே, நீங்களா? எப்பவும் ‘நிதானமாப் போடு கண்ணு’ன்னு சொல்வீங்களே, அந்தக் குரல்தானே? அதையும் சொல்லிருங்க, போட்டுடறேன்.”

“சொல்லுங்க, புள்ள காத்துட்டு நிக்குது” என்றாள் மனைவி.

தணிகாசலம் முகம் எரிய, கடிகாரக் கையை மடியில் இறக்கிக்கொண்டார். குறித்த நேரத்துக்குள் எறியாவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்பது அவருக்கும் தெரியும், ஜெனிலாவுக்கும் தெரியும். அவள் பந்தை அணைத்தபடி காத்தே நின்றாள், நடுவர் விசில் ஊதும்வரை.