ஏரி ஓரத்தில் விரித்த பாய்

ஏரி ஓரத்து நிலத்தைக் குடியிருப்பு மனையாக மாற்றச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி, குடும்பத்தோடு அங்கே தரைத்தளத்தில் பத்து வருஷம் குடியிருக்க வேண்டும். சட்டம் அப்படி மாறியிருந்த காலம் அது. பத்து வருஷம் முடிந்தால் வீடு அவருக்கே சொந்தம். அதனால்தான் ஏரி ஓரத்து நிலத்தை மாற்றக் கேட்ட மனுக்காரர், வாடகை வீட்டில் இருக்கிற அதிகாரி பூங்கோதையைத் தேடி வந்தார்.

"போட்டுடு பூங்கோத. நமக்கும் ஒரு வீடு ஆச்சு" என்றான் கணவன் தணிகாசலம். பாவம், அவனும் எத்தனை வீடுதான் மாறுவான்.

"தண்ணி வந்தா?"

"வந்தா வடிஞ்சிடப் போவுது. நம்ம ஊர்ல எங்கதான் வரல?"

மகள் கயல் நிமிர்ந்து பார்த்தாள். "நாம பாய்லதானேம்மா படுக்கறோம்?"

மறுநாள் பூங்கோதை நிலத்தைப் பார்வையிடப் போனாள். மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. மேல்மண் காய்ந்து, நிலம் பார்ப்பதற்குச் சமர்த்தாகக் கிடந்தது. கொண்டுபோன பாயை விரித்து உட்கார்ந்தாள்.

"இப்பவே குடிவந்துட்டீங்களா மேடம்?" என்று மனுக்காரர் சிரித்தார்.

"பழகிப் பாக்கறேன் சார்" என்று டிபன் டப்பாவைத் திறந்தாள். தயிர்சாதம் தீர்வதற்குள் பாயோடு புடவையும் நனைந்துவிட்டது.

மனுவில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பினாள். தணிகாசலம் வாசலுக்கு வந்தான். ஈரம் ஊறிக் கனத்த பாயை அவள் கையிலிருந்து வாங்கி, வாடகை வீட்டுக் கொடியில் உதறிக் காயப்போட்டான்.