பூனைக்கு அவசரம்

"ஏங்க, வண்டியைக் கொஞ்சம் ஓரம் கட்டுங்க. பூனைக்கு அவசரம்."

பின்சீட்டிலிருந்து மனைவி சொன்னதும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்பதானே பெட்ரோல் பங்க்ல நிறுத்தினேன்?"

"அதெல்லாம் பூனைக்குத் தெரியுமா? பயணம்னா பயம். பயந்தா வயிறு கலங்கும்."

"சத்தத்தையே காணோமே?"

"பயத்துல வாயடைச்சுப் போயிருக்கு."

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பார்வையாளர் நேரம் முடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஒரு வருஷமாக 'எனக்குக் கார் ஒத்துக்காது' என்று எங்கேயும் நகராத அப்பா, பேத்தியைப் பார்க்கவும் வர மாட்டேன் என்றுதான் முரண்டு பிடித்தார். பூனையும் வருகிறது என்று மருமகள் சொன்ன பிறகுதான் சட்டையை மாட்டினார். இத்தனைக்கும் பூனையைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

வந்த பூனையாவது சும்மா வந்ததா? கூடையை அவளே கொண்டுவந்து வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் போட்டாள். வெளியே பார்த்தால் மிரளுமாம், மேலே துணி. தாவிவிடுமாம், கண்ணாடியை இறக்கக் கூடாது. பாட்டு கூடாது. பிரேக்கைத் திடீரென்று மிதிக்கவே கூடாது.

"கட்டின புருஷனுக்குக் காலையில ஒரு வாய் காபி இல்ல. பூனைக்கு ராஜ மரியாதை" என்று முனகிக்கொண்டே ஒரு ஓட்டல் முன்னால் நிறுத்தினான்.

"மாமா, நீங்களே தூக்கிட்டுப் போயிடுங்க. உங்ககிட்டதான் அது அடங்கும்."

"சனியன், இதோட ஒரே இம்சை" என்றார் அப்பா. ஆனால் கூடையோடு கழிப்பறைப் பக்கம் அவர் நடந்த வேகத்துக்கு இளவட்டங்கள் தோற்றுவிடும்.

அவனும் பின்னாலேயே போனான். இன்றைக்கு அந்தப் பூனையை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை.

கழிப்பறைக் கதவு தாழிட்டிருந்தது. வாசலில் கூடை மட்டும் இருந்தது. தூக்கினான். காற்றைத் தூக்கியது போல இருந்தது. துணியை விலக்கினால், உள்ளே சுருட்டி வைத்த பழைய துண்டு.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"பூனை எங்கே?"

"பக்கத்து வீட்ல. இவ்வளவு தூரம் அதுக்கு ஆகாது, விட்டுட்டுப் போறதுதான் நல்லதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அப்ப, அப்பாவை ஏமாத்திக் கூட்டிட்டு வந்தியா?"

"தூக்கறவருக்குக் கனம் தெரியாதா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "சர்க்கரை வந்ததுலேருந்து அவரால அடக்க முடியறதில்ல. போன தடவை நீங்க எங்கேயும் நிறுத்தாம ஓட்டினீங்க. நிறுத்துன்னு பெத்த பிள்ளைகிட்ட கேக்க அவருக்குக் கூச்சம். அதுக்கப்புறம்தான் கார் ஒத்துக்காம போச்சு."

அவன் துணியை இழுத்துக் கூடையை மூடினான்.

கதவு திறந்தது. கையைத் துடைத்தபடி வந்த அப்பா, மகன் கையில் கூடையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"போலாம்பா. வழியில மறுபடி பூனைக்கு முடியலன்னா சொல்லுங்க, நிறுத்தறேன்."

அப்பா கூடையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"வாயில்லாத ஜீவன், அது எப்படிடா கேக்கும்? நீயாப் பாத்து நிறுத்து."